துடைப்பம் சாத்திய கதவு

காலையில் வாசலிலிருந்து சாலைவரை வழுக்காமலிருக்க இர்யா தூவிய மண்ணை இப்போது காணோம். மேலே பனி விழுந்து மூடியிருந்தால் சரி, விழவில்லை. பகலிலும் வெயில் எட்டிப்பார்க்காத டிசம்பரில் பனி உருகி மண் உள்ளே இறங்கியிருக்கவும் வழியில்லை. யாரோ பொறுமையாகக் கூட்டித் தள்ளியதுபோல், வாசல் விளக்கின் வெளிச்சத்தில் பாதை வழவழவென்று மின்னியது.

அந்தப் பாதையில்தான் நர்ஸ் கைசு வரவேண்டும். இன்றைய ஊசி தவறினால் ஆள் தாங்கமாட்டார் என்று இர்யாவின் கணவர் ஆர்வோவைப் பற்றி டாக்டர் ஒளிக்காமல் சொல்லியிருந்தார்.

"மண்ணு போட்டாச்சாக்கா? போன தடவ விழுந்ததுல இடுப்பு இன்னும் புடிச்சிருக்கு" என்றாள் கைசு போனில்.

"போட்டாச்சு. நீ தைரியமா வா."

இர்யா பிடிவாதக்காரி. மண் வாளியை எடுத்து மறுபடி தூவிவிட்டுத்தான் உள்ளே வந்தாள்.

அடுப்பில் பிர்ச் விறகு வெடித்தது, குளிரில் சுவர் மரம் முனகியது, ஆர்வோவின் மூச்சு கரகரத்தது. இவை எல்லாவற்றுக்கும் அடியில், ஏரிப் பக்கமிருந்து வாசலை நோக்கி, அவசரமே இல்லாமல் ஒரு சத்தம் வந்துகொண்டிருந்தது. சரக். சரக்.

"யாருடி பெருக்குறது?" என்றார் ஆர்வோ படுக்கையறையிலிருந்து.

"காத்துதான். பேசாம படுங்க."

ஏரிச் சேற்றின் வாடை அடித்தது. சத்தம் படியேறியது. நின்றது. கதவில் எதுவோ சாய்ந்தது. இர்யாவால் எழ முடியவில்லை. அவ்வளவு பயம்.

கார் வந்தது. மெல்ல ஊன்றி ஊன்றி வந்த கைசுவின் காலடி வாசலில் தயங்கியது.

"அட, துடைப்பத்த சாத்தி வெச்சிருக்காங்க. ஆஸ்பத்திரிக்கே கூட்டிட்டுப் போயிட்டாங்க போல."

துடைப்பம் சாத்திய கதவை இந்த ஊர்ப்பக்கம் யாரும் தட்டமாட்டார்கள். வீட்டில் ஆளில்லை என்று அர்த்தம்.

"கைசு! இருக்கோம்! போயிடாத!"

அதற்குள் கார்க் கதவு சாத்தும் சத்தம் கேட்டது. இர்யா ஓடிப்போய்க் கதவைத் திறந்தாள். துடைப்பம் காலடியில் விழுந்தது. அவர்களுடையது அல்ல. கறுத்து, ஊறி, பாசி படிந்தது. பாதையில் ஒரு பொடி மண் இல்லை. பார்த்தாள். பார்த்தும் ஓடினாள். கால் வழுக்கியது. இடுப்பில் ஏதோ முறிந்தது. காரின் சிவப்பு விளக்குகள் மரங்களுக்குள் மறைந்தன.

உள்ளேயிருந்து ஆர்வோவின் குரல் வந்தது. நிம்மதியான குரல்.

"இர்யா, பயப்படாத. கைசு வந்துட்டா. கைதான் ஐஸா இருக்கு."

இர்யா முழங்கையை ஊன்றி நிமிர்ந்து பார்த்தாள்.

படுக்கையறை ஜன்னல் திரையில் ஒரு நிழல். கூரையைத் தொடும் உயரம். அது கட்டிலின்மேல் குனிந்தது. இன்னும் குனிந்தது.