மாவு மில் வாசலில் எடுத்த படம்

‘இலவசப் படங்கள்’ என்று எழுதியிருந்த பெட்டிக்குள்தான் என் தம்பி இருந்தான்.

அவனை முதலில் பார்த்தவன் யமிகானி. எங்கள் குழுவில் படம் தேடுவது அவன் வேலை, எழுதுவது என் வேலை. வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்கு வேறொரு நாட்டுப் பள்ளிப் பிள்ளைகளோடு கணினி வழியாகப் பேசப்போகிறோம். ‘எங்கள் ஊர்’ என்று பத்துப் பக்கம் காட்ட வேண்டும். அதற்காகக் கச்சாலே சார் ஓர் இணையதளத்தைக் காட்டிக்கொடுத்திருந்தார். காசு கட்ட வேண்டியதில்லை. பக்கங்கள் தயாராக இருக்கும். படத்தைத் தேடி இழுத்துப் போடலாம். நம் குரலைப் பதிவுசெய்து பக்கத்தோடு சேர்க்கவும் வழி உண்டு.

யமிகானி ‘மலாவி, சிறுவன்’ என்று தட்டினான். வந்த முதல் படத்தையே பிடித்துக்கொண்டான்.

“தமாந்தா, இங்க பாரு. சூப்பர் படம். பார்த்தாலே அழுகை வருது.”

எட்டிப் பார்த்தேன். ஒரு சின்னப் பையன் வாயைத் திறந்து அழுதுகொண்டிருந்தான். முகம் முழுக்க வெள்ளைப் புழுதி. அதில் கண்ணீர் இரண்டு கோடு போட்டிருந்தது. ‘ஐயோ, பாவம்’ என்று மனசுக்குள் சொன்னேன்.

அப்புறம்தான் புருவத்தில் இருந்த தழும்பைப் பார்த்தேன். அந்தத் தழும்பு எனக்குத் தெரியும். மாமரத்திலிருந்து அவன் விழுந்தபோது ஓடிப்போய்த் தூக்கியதே நான்தான்.

“இது லிம்பானி” என்றேன்.

“எந்த லிம்பானி?”

“என் தம்பி. ஒண்ணாம் வகுப்பு.”

படத்துக்குக் கீழே ஆங்கிலத்தில் எழுதியிருந்தது: ‘வறட்சியின் புழுதியில், பசியோடு ஒரு சிறுவன்.’

எனக்குக் கோபம் வந்தது. பாதிக் கோபம் என் மேலேயே. சொந்தத் தம்பியைப் பார்த்து, ஒரு நிமிஷம் யாரோ என்று நினைத்துப் பாவப்பட்டேனே.

கச்சாலே சாரிடம் போனேன். அவர் கெட்டவர் இல்லை. மூன்று மடிக்கணினிகளை வைத்து முப்பத்தெட்டுப் பேருக்குப் பாடம் நடத்துகிறவர்.

“சார், அந்தப் படம் வேணாம். அது என் தம்பி.”

“நிஜமாவா? அப்ப அவன் பெரிய ஆளாயிட்டான்.”

வகுப்பே சிரித்தது.

“அது புழுதி இல்ல சார். சோள மாவு. மாவு மில் வாசல்ல எடுத்திருக்காங்க. அவனுக்குப் பசியும் இல்ல.”

“இலவசம்னு போட்டிருக்கும்மா. யார் வேணாலும் எடுத்துக்கலாம். பார்க்கிறவங்க மனசு கொஞ்சம் இளகட்டுமே.”

“ரெண்டு ஃபுட்பாலாவது அனுப்புவாங்க” என்றான் யமிகானி.

சாயங்காலத்துக்குள் பள்ளி முழுக்கத் தெரிந்துவிட்டது. “பசிப் பையா, பசிப் பையா” என்று வீடு வரைக்கும் துரத்தியிருக்கிறார்கள். நான் போனபோது லிம்பானி தண்ணீர் டிரம்முக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தான்.

“வெளிய வாடா.”

“வரமாட்டேன். நான் பசிப் பையனா?”

“இல்ல.”

“அப்ப ஏன் அப்படி எழுதியிருக்காங்க?”

அம்மாவின் கைப்பேசியில் படத்தைத் தேடி எடுத்துக் காட்டினேன். மாவு மில் வாசலில் மந்தாசி சுட்டு விற்பது அம்மாதான். சோளத்தோடு வரிசையில் நிற்கிறவர்கள் எண்ணெய் வாசனைக்கே இரண்டு வாங்கிவிடுவார்கள். அத்தனை மெத்தென்ற உருண்டைகள்.

அம்மா திரையைக் கண்ணருகே வைத்துப் பார்த்தாள்.

“என் பிள்ளை பட்டினியா? அஞ்சு மந்தாசி தின்னான். ஆறாவது தரமாட்டேன்னதும் ஊரக் கூட்டி அழுதான். மில்லு வாசல்ல உக்காந்தா எவன் முகம் கறுப்பா இருக்கும்?”

“வயிறும் வலிச்சுது” என்றது டிரம்முக்குப் பின்னாலிருந்து ஒரு குரல்.

“பெரிய கேமராவோட ஒருத்தர் வந்தாரு. புது மிஷினப் படம் பிடிக்கிறாருன்னு நினைச்சேன். என்கிட்ட ஒரு மந்தாசி வாங்கித் தின்னுட்டு, ருசின்னு தலைய ஆட்டினாரு.” அம்மா விரலால் திரையின் ஓரத்தைத் தொட்டாள். “இது என்ன தெரியுதா?”

படத்தின் ஓரத்தில் நூல் அகலத்துக்கு நீலம் இருந்தது. அம்மா இடுப்பில் சுற்றும் துணி அது. ஒரு சாண் தள்ளி எடுத்திருந்தால் அம்மா இருந்திருப்பாள். அடுப்பும், தட்டு நிறைய மந்தாசியும் இருந்திருக்கும். அவர் மந்தாசியைத் தின்றார். பிறகு அதைப் படத்துக்கு வெளியே விட்டுவிட்டார்.

“அந்தப் படத்த அழிச்சிடுக்கா” என்றான் லிம்பானி.

அந்தத் தளத்தில் ‘புகார் செய்ய’ என்று ஒரு பொத்தான் இருந்தது. நடந்ததையெல்லாம் எழுதி அனுப்பினேன். உடனே பதில் வந்தது. ‘உங்கள் கருத்துக்கு நன்றி.’ அவ்வளவுதான். படம் அங்கேயே அழுதுகொண்டிருந்தது.

அன்று சாப்பாட்டில் எனக்கு மனமே ஒட்டவில்லை. ஒரு படம் பொய் சொன்னால் அதைத் திருத்துவது எப்படி? அது பேசாது. பேசாததால்தான் யார் வேண்டுமானாலும் அதற்குக் கீழே எதையும் எழுதிவிட முடிகிறது.

அப்போதுதான் குரல் பதிவு ஞாபகம் வந்தது.

“லிம்பானி, அந்தப் படத்துக்குப் பேசத் தெரிஞ்சா என்ன சொல்லும்?”

அவன் டிரம்முக்குப் பின்னாலிருந்து மெதுவாக வெளியே வந்தான்.

வியாழக்கிழமை பள்ளி விட்டதும் நேராக மில்லுக்குப் போனோம். காலையில் கரண்ட் இல்லாததால் சோளம் நிறைந்த பேசின்களின் வரிசை சாலை வரை நீண்டிருந்தது. மில் ஓட்டுகிற நங்கும்வா மாமா கண் இமை வரை வெள்ளையாக நின்றார்.

“மாமா, உங்களப் படம் எடுக்கலாமா?”

“என்னையா? இரு, முகத்தக் கழுவிட்டு வரேன்.”

“வேணாம் மாமா. மாவோடயே நில்லுங்க.”

“மாவோட நின்னா பேய் மாதிரில்ல இருப்பேன்?”

“அந்த மாவு தெரியணும் மாமா. அதுக்காகத்தான் வந்திருக்கோம்.”

நடந்ததைச் சொன்னேன். அவர் மிஷினை நிறுத்தாமல், முகத்தைக் கழுவாமல், சட்டைப் பொத்தானை மட்டும் மேல்வரை போட்டுக்கொண்டார்.

வரிசையில் இருந்த எல்லாரிடமும் கேட்டேன். ஒரு அக்கா, “என்ன விட்டுடு. தலை பின்னல” என்றார். அவர் படத்தில் விழாதபடி திரும்பி நின்றேன். லிம்பானி அதே இடத்தில் உட்கார்ந்தான். கால் மணி நேரத்தில் மாவு தானாக வந்து அவன் மேல் படிந்தது. பக்கத்தில் அம்மா, அடுப்பு, தட்டு. இந்தத் தடவை அம்மா ஆறாவது மந்தாசியையும் கொடுத்தாள்.

“பழைய படத்தையும் போடட்டுமாடா?” என்று கேட்டேன். “நீ சொன்னா மட்டும்தான் போடுவேன்.”

“நான் பேசுற வரைக்கும் போடு. பேசி முடிச்சதும் எடுத்துடணும்.”

மறுநாள் சீக்கிரமே போய், அம்மாவின் கைப்பேசியில் பதிந்த அவன் குரலைப் பக்கத்தோடு சேர்த்துக் கச்சாலே சாருக்குக் காட்டினேன். அவர் இரண்டு முறை கேட்டார்.

“முந்தாநாளே நீ சொன்னத நான் காது குடுத்துக் கேட்டிருக்கணும்” என்றார். பிறகு போய் ஒன்றாம் வகுப்பிலிருந்து லிம்பானியைக் கையைப் பிடித்துக் கூட்டிவந்தார். வழியில் யாரும் ‘பசிப் பையா’ என்று சொல்லவில்லை. சார் முகம் அப்படி இருந்தது. அவன் சொன்னதையே ஆங்கிலத்தில் சொல்லிக்கொடுத்து, மறுபடி பதிவும் செய்தார்.

“நான் பந்து கிடைக்கும்னுதான்…” என்று இழுத்தான் யமிகானி.

“பந்து வேணும்னா, பந்து வேணும்னு கேளு. என் தம்பி அழுகையக் காட்டிக் கேக்காத.”

பத்து மணிக்குத் திரையில் இருபது முகங்கள் தெரிந்தன. ஏரி, சந்தை, மலை என்று பக்கங்கள் ஓடின. ஐந்தாவது பக்கத்தில் பழைய படம் வந்தது. அங்கிருந்து “ஐயோ” என்று யாரோ சொன்னது கேட்டது. நான் சொன்ன அதே ஐயோ.

அப்போது படம் பேசியது. லிம்பானியின் குரல், சார் சொல்லிக்கொடுத்த ஆங்கிலத்தில்:

“இது நான். என் பேர் லிம்பானி. என் முகத்துல இருக்கிறது புழுதி இல்ல, மாவு. எனக்குப் பசிக்கல. அஞ்சு மந்தாசி தின்னதுல வயிறு வலிச்சுது. எங்க அம்மா பக்கத்துலதான் இருந்தாங்க. படத்துலேருந்து அவங்கள வெட்டிட்டாங்க.”

உடனே புதுப் படம் வந்தது. அதில் எல்லாரும் வெள்ளையாக இருந்தார்கள். எல்லாரும் சிரித்தார்கள். அம்மா மட்டும் கேமராவை முறைத்தாள்.

அந்தப் பக்கம் யாரோ சிரித்தார்கள். பிறகு கண்ணாடி போட்ட ஒரு பெண் கையைத் தூக்கினாள்.

“அந்தப் படம் எங்க வகுப்புச் சுவர்ல இருக்கு. உண்டியலுக்கு மேல.”

அவர்களுடைய டீச்சர் முகம் சிவந்துவிட்டது. எழுந்து போய், சுவரிலிருந்து பெரிய தாளை எடுத்துவந்து காட்டினார். அதே அழுகை, கதவு அகலத்துக்கு.

“லிம்பானி, எங்களுக்குத் தெரியாது. மன்னிச்சுக்கோ. இத என்ன செய்யட்டும்? கிழிச்சிடவா?”

சார் மொழிபெயர்த்துச் சொன்னார். லிம்பானி என் மடியிலிருந்து திரையை எட்டிப் பார்த்தான்.

“வேணாம். கீழ என் பேர எழுதச் சொல்லுங்க. ஓரத்துல எங்க அம்மாவ வரையச் சொல்லுங்க. தட்டு பெருசா இருக்கணும்.”

கண்ணாடி போட்ட பெண் அப்போதே கலர் பென்சிலைத் தேட ஆரம்பித்தாள்.

எல்லாம் முடிந்து கணினியை மூடப் போனேன். திரையில் ஒரு சின்னப் பெட்டி வந்து நின்றது. ‘உங்கள் புதிய படம் அழகாக இருக்கிறது. எல்லாரும் இலவசமாகப் பயன்படுத்த எங்கள் பெட்டியில் சேர்க்கலாமா?’ கீழே இரண்டு பொத்தான்கள்.

இலவசப் படங்கள் பெட்டியில் பழைய படம் இன்னும் இருந்தது, அதே வாசகத்தோடு.

நான் லிம்பானியைப் பார்த்தேன்.

“குடுக்கலாம்” என்றான் அவன். “ஆனா எங்கிட்ட கேட்டுட்டு எடுக்கணும்னு எழுது.”

திரை முழுக்கத் தேடினேன். அப்படி எழுதுவதற்கு அங்கே இடமே இல்லை.

அவன் விரலைப் பிடித்து, ‘வேண்டாம்’ என்ற பொத்தான் மேல் வைத்தேன். அவனே அழுத்தினான்.