பின்சீட்டுக் கண்ணாடி

ஹில்யா தன் பழைய காரை ரூடியின் பட்டறைக்குள் கொண்டுவந்து நிறுத்தியபோது வெளியே பனி பெய்துகொண்டிருந்தது. பிற்பகல்தான். ஆனால் அமெரிக்காவின் வடக்கு ஓரத்தில், மேல் மிச்சிகனில், டிசம்பர் மாத வெளிச்சம் அதற்குள் வடியத் தொடங்கிவிடும்.

"என்ன ஹில்யா, வண்டிக்கு அடிபட்டுடுச்சா? கட்டெல்லாம் போட்டுக் கூட்டிட்டு வந்திருக்க!"

பின்பக்க இடது ஜன்னலை அவள் பிளாஸ்டிக் தாளால் மூடி டேப் ஒட்டியிருந்தாள்.

"சிரிக்காதடா. கண்ணாடி தானா இறங்கிடுது. நான் ஸ்விட்ச்சைத் தொடறதே இல்ல. ஏரி ரோட்டுக்கு வந்தா போதும், கடகடன்னு கீழ போயிடுது. திரும்ப மேல ஏத்துறதுக்குள்ள உயிர் போகுது."

இருவரும் ஒரே வகுப்பில் படித்தவர்கள். ரூடி கார் பழுது பார்க்கிறான். ஹில்யா முதியோர் இல்லச் சமையலறையில் வேலை செய்கிறாள். கணவன் இறந்த பிறகும் ஏரிக்கு அந்தப் பக்கம் காட்டுக்குள் இருக்கும் அதே வீட்டில்தான் இருக்கிறாள். மகள் அரிசோனாவில். பேசுவதற்கு ஆள் வேண்டுமென்றால் வேலைக்குப் போக வேண்டும். வேலைக்குப் போக கார் வேண்டும். முன்பு வைத்திருந்த கார் செத்துப்போனதும், உடைசல் வண்டிகள் விற்பவனிடம் போன மாதம் இந்த வெள்ளைக் காரை வாங்கியிருந்தாள்.

ரூடி கதவின் உள்பலகையைக் கழற்றினான். மோட்டாரைத் தேடிக் கையை உள்ளே விட்டவன் அப்படியே நின்றான். வெளியே எடுத்தபோது விரல்களில் மணல் ஒட்டியிருந்தது. மணலோடு காய்ந்துபோன பாசி.

அவன் டார்ச் அடித்துப் பார்த்தான். கதவுக்குள்ளே பெயின்ட் வெள்ளையாக இல்லை. பச்சை.

"இந்த மோட்டார் எரிஞ்சு எவ்வளவோ காலம் ஆச்சு, ஹில்யா. ஒயர்ல கரன்ட்டே வரல. கண்ணாடியப் பிடிச்சிருக்கிற கம்பி துருப்பிடிச்சு இறுகிக் கிடக்கு. சுத்தியால அடிச்சாதான் அசையும். இது தானா இறங்காது."

"இறங்குதே."

ரூடி கையைத் துடைத்துக்கொண்டே இருந்தான். பிறகு மெதுவாகச் சொன்னான்.

"இந்த வண்டிய ஏரியிலேர்ந்து கொக்கி போட்டு இழுத்தது நான்தான். அப்ப பச்சையா இருந்துச்சு. மீன் பிடிக்க, உறைஞ்சு கிடந்த ஏரி மேல ஓட்டிட்டுப் போயிருக்கான் ஒருத்தன். பனி உடைஞ்சு உள்ள போயிட்டான். தண்ணி பட்டதும் ஜன்னல் எதுவும் வேலை செய்யல. பின்சீட்டுலதான் கிடந்தான். முன்பக்கம் முதல்ல மூழ்கியிருக்கும், கடைசிக் காத்து அங்கதான இருந்திருக்கும்..."

"யாரு அவன்?"

"வெளியூர்க்காரன். சொந்தம்னு ஒருத்தரும் வந்து கேக்கல. கவுன்ட்டி ஆபீஸ் ஆளுங்கதான் புதைச்சாங்க."

ஹில்யா அந்தக் கண்ணாடியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"வண்டி இங்கயே இருக்கட்டும். உன்னை நான் வீட்டுல விட்டுடறேன்," என்றான் ரூடி.

"விட்டுட்டு? காலைல அஞ்சு மணிக்கு அடுப்பு மூட்ட யாரு கூட்டிட்டுப் போவா? அதெல்லாம் வேணாம். கண்ணாடி இறங்காம செஞ்சு குடு, போதும்."

ரூடி பிளாஸ்டிக் தாளைக் கிழித்து எடுத்தான். கண்ணாடியைச் சுத்தியலால் தட்டித் தட்டி மேலே ஏற்றி, அதன் அடியில் மரக்கட்டையை அறைந்து இறுக்கி, உள்பலகையைத் திருகி மூடினான்.

அவள் புறப்பட்டபோது இருட்டு இறங்கியிருந்தது. ஏரி ரோட்டில் வேறு ஒரு வண்டியும் இல்லை. இரண்டு பக்கமும் பனி சுமந்த பைன் மரங்கள். ஹீட்டர் மட்டும் முனகிக்கொண்டிருந்தது.

மரங்கள் விலகி ஏரி தெரிந்தது.

கண்ணாடி இறங்கவில்லை. அவள் மூச்சை விட்டாள்.

டொக்.

சரளைக்கல் தெறித்திருக்கும் என்று நினைத்தாள்.

டொக். டொக்.

சத்தம் அவள் தலைக்குப் பின்னாலிருந்து வந்தது. உள்ளேயிருந்து.

கார் முழுக்கச் சேற்று வாசனை பரவியது. முன்கண்ணாடி வழியாகப் பார்த்தால் சாலை. மேலே உள்ள சின்னக் கண்ணாடியில் பார்த்தால் பின்சீட்டு. அவள் பார்க்கக் கூடாது என்று நினைத்தாள்.

பார்த்தாள்.

சீட்டு காலியாக இருந்தது. ஆனால் இடது ஜன்னலில் ஆவி படிந்திருந்தது. யாரோ வாயை அதன்மேல் அழுத்தி மூச்சு வாங்குவதுபோல் அந்த ஆவி விரிந்தது, சுருங்கியது, மறுபடி விரிந்தது.

ஒவ்வொரு முறையும் கொஞ்சம் சிறிதாக.

இப்போது ஒரு கை இல்லை, இரண்டு கைகள் அடித்தன. முஷ்டியால். உள்ளங்கையால். நகத்தால்.

ஹில்யா படகுத் துறையில் காரை நிறுத்திவிட்டு வெளியே பாய்ந்தாள். ஓடிவிடலாம். ஆனால் எங்கே ஓடுவது? அந்தக் குளிரில் வீடுவரை நடந்தால் உயிரோடு போய்ச் சேர முடியாது.

அதைவிட, கண்ணாடியில் விழும் அடி தளர்ந்துகொண்டே வந்தது. அதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை.

"இரு," என்றாள். குரல் கிசுகிசுப்பாகத்தான் வந்தது. "இதோ... இரு."

டிக்கியைத் திறந்து வீல் ஸ்பேனரை எடுத்தாள். இரண்டு கைகளாலும் ஓங்கி அடித்தாள். கண்ணாடியில் கீறல் விழுந்தது. மறுபடி அடித்தாள்.

உடைந்த ஜன்னல் வழியாகக் கறுப்புத் தண்ணீர் குபீரென்று கொட்டியது. அவள் கோட்டு, பூட்ஸ் எல்லாம் நனைந்தன. ஒரு கார் நிறையத் தண்ணீர். கொட்டி முடித்ததும் அவள் எட்டிப் பார்த்தாள். சீட்டில் ஒரு சொட்டு ஈரம்கூட இல்லை.

ஏரி மேல் காற்று அடங்கியிருந்தது.

"போ," என்றாள் ஹில்யா. அழுகை வந்தது. "போயிடு. இனி யாரும் உன்னை அடைச்சு வைக்க மாட்டாங்க."

காலடியில் பனி நசுங்கும் சத்தம் கேட்டது. ஆனால் அவள் அசையவே இல்லை.

பக்கத்தில், யாரும் இல்லாத இடத்தில், ஈரமான பூட்ஸ் தடம் ஒன்று பதிந்தது. பிறகு இன்னொன்று. ஏரியை நோக்கிப் போகும் என்று காத்திருந்தாள். தடங்கள் அங்கே போகவில்லை. தயங்கித் தயங்கி, காரின் பின்புறத்தைச் சுற்றிக்கொண்டு, மறுபக்கம் போயின. முன்கதவருகே நின்றன. அதற்குமேல் தடம் இல்லை.

கதவு திறக்கவில்லை.

ஹில்யா வெகுநேரம் நின்றாள். நனைந்த கோட்டு விறைக்கத் தொடங்கியது. விரல்களில் உணர்ச்சி போய்விட்டது. வேறு வழியில்லை. உள்ளே ஏறி, பக்கத்தில் திரும்பாமல், சாவியைத் திருகினாள்.

"என் வீடு ரொம்பத் தூரம்," என்றாள், சாலையைப் பார்த்தபடி. "அங்க யாரும் இல்ல."

பக்கத்து இருக்கையில் பெல்ட் மெல்ல இழுபடும் சத்தம் கேட்டது. பிறகு, 'கிளிக்'.