முதலிடத்தின் மேல் ஓர் ஐயம்

முள்ளூரில் காலை ஆறு மணிக்கு டீக்கும் முன்பு வரிசையைத்தான் பார்ப்பார்கள். கடம்பன்குளம் துணைமின் நிலையத்தில் இணையக் காத்திருக்கும் ஊர்களின் பெயர்கள், மின்கூட்டுறவுச் சங்க வாசலில் உள்ள பலகையில் அந்த நேரத்துக்குத்தான் மாறும். முள்ளூர் ஒன்பது ஆண்டுகளாகக் காத்திருந்தது. சங்கச் செயலாளர் மகிழினி அன்று பார்த்தபோது அவள் ஊர் மூன்றாவது இடத்தில் இருந்தது. முதலிடத்தில் கரிசல்பட்டி.

கரிசல்பட்டிச் சங்கத்தை நடத்தும் தன்ஷிகா, மகிழினிக்கு ஓரகத்தி. கொழுந்தனின் மனைவி. தன் முதல் விண்ணப்பத்தை அவள் எழுதியதே மகிழினி வீட்டுச் சாப்பாட்டு மேசையில்தான். அதுவும் முள்ளூர் விண்ணப்பித்து ஐந்து ஆண்டு கழித்து.

முன்பு விண்ணப்பித்த தேதிதான் வரிசை. ஒரு காற்றாடிகூட நடாமல், காகிதத்தை மட்டும் கொடுத்தவர்கள் முன்னால் நின்று வழியை அடைத்தார்கள். இரண்டு ஆண்டுகளுக்கு முன் இணைப்பாணையம் விதியை மாற்றியது. நிலம், கருவி, ஆள் மூன்றும் ஆயத்தமாக இருப்பவருக்கே முதலிடம். வரிசைக்கணி என்ற மென்பொருள் தினமும் அதை அளந்தது. முள்ளூரில் காற்றாலைகள் சுழன்றன. டிரான்ஸ்பார்மர் இன்னும் வந்து சேரவில்லை. கரிசல்பட்டியில் சூரியத்தகடு, பேட்டரி, டிரான்ஸ்பார்மர் எல்லாம் தயார்.

கிரிட் எனும் பெருமின்வலையில் இணைவது உயிர்ப் பிரச்சினை. சித்திரையில் பகல் பதினொன்றிலிருந்து நான்கு வரை வெளியே நிற்க முடியாது. முதியவர்களும் கைக்குழந்தைகளும் குளிரூட்டிய பொதுக்கூடமான ஊர்க் குளிர்மனைக்குள் இருப்பார்கள். சொந்த மின்சாரம் தீர்ந்தால், இணைந்த ஊருக்குப் பெருவலை கைகொடுக்கும். இணையாத ஊரைக் கேட்க ஆளில்லை.

போன் அடித்தது.

"அக்கா, பலகையப் பாத்தீயளா?" தன்ஷிகாவின் குரல் துள்ளியது. "மூணு நாள்ல இணைப்பு குடுத்துருவாவளாம். நான் ஒண்ணு சொல்லுதேன், கேளுங்க. ரெண்டு ஊரும் ஒரே இணைப்புல சேந்துக்கிடலாம். புது விதியில எடம் இருக்கு. எங்களுக்கு வெயிலு, உங்களுக்குக் காத்து. ஒண்ணுக்கொண்ணு தாங்கும்லா?"

"ஒன் வாசல்ல வந்து நிக்கச் சொல்லுதியோ?"

"அப்படிச் சொல்லுவேனாக்கா?"

"முள்ளூருக்குன்னு வரும்போது வரட்டும்." மகிழினி போனை வைத்தாள்.

அன்று முழுக்க அவளுக்கு வேலை ஓடவில்லை. மாலையில் கணவன் வேறு, "தம்பி பொண்டாட்டி கெட்டிக்காரிதான்" என்றான். அந்தச் சொல் நெஞ்சில் முள்ளாகத் தைத்தது.

விதியில் ஒரு வழி இருந்தது. பின்னால் நிற்பவர் முன்னால் இருப்பவர்மீது 'ஐயம்' பதியலாம். பதினான்கு நாள் விசாரணை. அதுவரை இணைப்பு கிடையாது. ஐயம் பொய்யென்றால் பதிந்த ஊர் ஓராண்டு பின்னுக்குப் போகும்; அதுவரை வெளியே தெரியாத, பதிந்தவர் பெயரும் பலகையில் வரும். மகிழினிக்கு எல்லாம் தெரியும். தன் மூக்கறுந்தாலும் எதிரிக்குச் சகுனத்தடை என்பார்களே, அந்த நிலைக்கு வந்திருந்தாள். கரிசல்பட்டியின் பேட்டரிக் கொட்டகை கண்மாய்ப் புறம்போக்கில் இருப்பதாக எழுதினாள். அது பட்டா நிலம். அந்தப் பட்டாவை அவளே ஒருமுறை சரிபார்த்துக் கொடுத்திருக்கிறாள்.

மறுநாள் தன்ஷிகா அழுதபோது ஆறுதலும் சொன்னாள். அப்போது மகிழினிக்கு வயிறு குளிர்ந்தது என்பதுதான் உண்மை.

பதினோராம் நாள் மேற்கிலிருந்து புழுதிக்காற்று கிளம்பியது. மூன்று நாள் வானம் செம்மண் நிறத்தில் மூடிக் கிடந்தது. முள்ளூர்க் காற்றாலைகள் ஓயாமல் சுற்றின. கரிசல்பட்டித் தகடுகளில் வெயிலே விழவில்லை. மூன்றாம் நாள் பிற்பகல் போன் வந்தது.

"அக்கா, பேட்டரி செத்துப்போச்சு. உள்ள நாப்பத்தேழு பேரு இருக்காவ. உங்க குளிர்மனைக்குக் கூட்டிட்டு வரட்டா?"

"கேக்கணுமாட்டீ? சீக்கிரம் வா!"

இரண்டு வேன்கள் வந்தன. மகிழினியே ஓடிப்போய்க் கைத்தாங்கலாக ஒவ்வொருவரையும் இறக்கினாள். மோட்டார் பழுதுபார்க்கும் அருள்தாஸ் மட்டும் இறங்கவில்லை. அவர் மடியிலிருந்த ஈரத்துண்டை எடுத்து, மனைவி எஸ்தர் அவர் முகத்தைத் துடைத்துக்கொண்டே இருந்தாள். வழியிலேயே உயிர் போய்விட்டிருந்தது.

எல்லோரையும் உள்ளே படுக்க வைத்தபின் தன்ஷிகா சுவரோரம் சரிந்து உட்கார்ந்தாள். "எவன் போட்ட ஐயமோக்கா. இல்லேன்னா இன்னைக்குக் கரண்டு இருந்திருக்கும்."

இன்னும் ஒரு நாளில் பலகையே சொல்லிவிடும். அதற்காக இல்லை, அந்த ஈரத்துண்டைப் பார்த்தபின் மகிழினியால் வாயை மூடியிருக்க முடியவில்லை.

"நான்தான் போட்டேன்."

தன்ஷிகா நிமிர்ந்து பார்த்தாள். "பட்டாவ நீங்கதான பாத்தீய?"

"ஆமா."

"பொறவு ஏன்?"

"நீ மொத எடத்துல இருந்தது எனக்குப் பொறுக்கல."

தன்ஷிகா எழுந்துபோய் எஸ்தர் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள்.

ஐயம் பொய்யென்று மறுநாள் முடிவானது. கரிசல்பட்டிக்கு இணைப்பு கிடைத்தது. முள்ளூர் பதினெட்டாவது இடத்துக்குப் போனது. ஊர்க்கூட்டத்தில் மகிழினி எழுந்து நின்று, செய்ததை மறைக்காமல் சொன்னாள். பொறுப்பிலிருந்து அவளை நீக்கினார்கள்.

அடுத்த சித்திரையில் காற்று ஓய்ந்தது. முள்ளூர்க் குளிர்மனை நின்றது. ஊரே கரிசல்பட்டிக்குப் போனபோது, கணவனின் கையைப் பிடித்துக்கொண்டு மகிழினியும் போனாள். வாசலில் நின்ற தன்ஷிகா அவர்களைத் தடுக்கவில்லை. "மச்சான், உள்ள வாங்க. தண்ணி அந்தப் பக்கம் இருக்கு" என்று அவனிடம் மட்டும் சொன்னாள். மகிழினியின் பெயரையும் பதிவேட்டில் எழுதினாள். முகத்தைப் பார்க்கவில்லை.

உள்ளே குளிர்ந்த காற்று சீராக வந்துகொண்டிருந்தது. எஸ்தர் ஒரு பாயில் படுத்திருந்தாள். வேலை முடிந்து வந்த தன்ஷிகா, அவளைச் சற்றுத் தள்ளிப் படுக்கச் சொல்லி, அதே பாயில் தானும் தலைசாய்த்து ஏதோ பேசினாள். எஸ்தர் சிரித்தாள்.

எதிர்ச்சுவரில் சாய்ந்திருந்த மகிழினி அந்தப் பாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். இணைப்பும் முதலிடமும் அவள் மனதில் இல்லை. அந்தப் பாயில், தன்ஷிகாவுக்குப் பக்கத்தில் எஸ்தருக்குக் கிடைத்த ஒரு முழ இடத்துக்காக அவள் வயிறு எரிந்தது.