அஞ்சலாட்சிக்குப் பொருத்திய மெய்மணி

டீக்கடைத் திரையில் அன்றும் முதலில் மழை, அடுத்து தங்கம், அதற்கடுத்து ஆமை என்றுதான் செய்தி ஓடியது. தங்கம் ஏறியதற்கு யாரும் வாய் திறக்கவில்லை. ஆமை மதிப்பெண்ணில் இந்தியா முதலிடத்திலிருந்து இறங்கிவிட்டது என்றதும் பெஞ்சில் இருந்த அத்தனை பேரும் திரும்பி, நண்டுமேட்டுக்காரர்களை முறைத்தார்கள். முறைக்க மாட்டார்களா? சரிவுக்குக் காரணம் நாகைக் கரையிலுள்ள நண்டுமேடு என்று திரையே ஊர்ப் பெயரைப் போட்டு மானத்தை வாங்கியிருந்தது.

இந்த ஆமை மதிப்பெண் எப்படி வந்தது என்றால், நாடுகளின் யோக்கியதையால் வந்தது. இந்துமாக்கடலைச் சுற்றியுள்ள இருபது நாடுகள் கூடிக் கூடி, கடலாமைகளைக் காப்போம் என்று எத்தனையோ முறை கையெழுத்துப் போட்டன. காத்தோமா இல்லையா என்ற அறிக்கையை ஒவ்வொரு நாடும் தானே எழுதிக்கொண்டது. தன் விடைத்தாளைத் தானே திருத்துகிறவன் என்றைக்காவது பெயில் ஆவானா? அறிக்கைகள் எல்லாம் பிரமாதம். ஆமைகள்தான் செத்துச் செத்துக் கரை ஒதுங்கின.

கடைசியில் மெய்மணியைக் கண்டுபிடித்தார்கள். கடுகளவுதான் இருக்கும். பொரித்த குஞ்சின் துடுப்பில், தோலுக்கடியில் பொருத்திவிட்டால் ஆயுள் முழுக்க அங்கேயே கிடக்கும். பயப்படும்போது ரத்தத்தில் என்ன ஊறுகிறது என்று மோப்பம் பிடிக்கும். ஆமை மூச்சுவிட மேலே வரும்போதெல்லாம், எந்த நாட்டுக் கடலில், எந்த இடத்தில், எதைக் கண்டு, எவ்வளவு பயந்தது என்று செயற்கைக்கோளுக்குச் சொல்லிவிடும். இப்போது விடைத்தாளை ஆமை திருத்தியது. மதிப்பெண் குறைந்த நாட்டின் மீனை மற்ற நாட்டுத் துறைமுகங்களின் தானியங்கித் தராசு ஏற்காது.

மனிதர் கையில் விட்டால் தாட்சண்யம் பார்ப்பார்கள் என்று, எல்லாவற்றையும் வாக்குப்பொறி என்ற கணினியிடம் ஒப்படைத்திருந்தார்கள். அதற்குத் தெரிந்தது ஒரே சட்டம்தான். மணி தாங்கிய உயிர் ஒரு கரையில் பயந்தால், பயத்தின் காரணம் அந்தக் கரையைவிட்டு விலக வேண்டும். காரணம் விளக்கு என்றால் விளக்கை அணைக்கும். விசைப்படகு என்றால் எஞ்சினை நிறுத்தும். யார் படகு, யார் மச்சான் என்றெல்லாம் கேட்காது. இருபது நாடுகளும் அலறியடித்துக்கொண்டு வலைகளில் ஆமை தப்பிப் போகக் கதவு வைத்தன, கடற்கரை விடுதிகளை இருட்டாக்கின. எந்த மாநாட்டாலும் முடியாததை ஒரு கடுகு செய்து காட்டியது!

நண்டுமேட்டு ஏலக்கூடத்தில் ஊர் கூடியிருந்தது. நடுவில் நின்றவர் உடன்படிக்கை அலுவலகத்துக் கண்காணிப்பாளர் பிரகலாதன். எதிரே அஞ்சலாட்சி. அந்த ஊர்ப் பஞ்சாயத்துக்குத் தலைவியான முதல் பெண். அவள் பேசினால் மைக் வெட்கப்பட்டு ஓடிவிடும்.

"என்னா சொல்றீங்க சார்? ஆமை எங்க ஊரக் கண்டு பயப்படுதா? இது ஆமையக் கும்புடுற ஊரு சார்! வலையில சிக்கிச்சின்னா சாமி வந்துட்டாருன்னு கரைக்குக் கொண்டாந்து, குளிப்பாட்டி, மஞ்சா குங்குமம் வெச்சி, சூடம் காட்டி, மேளம் அடிச்சில்ல கடல்ல வுடுறோம்?"

பிரகலாதன் கையிலிருந்த அச்சமானியைப் பார்த்தார். அது மெய்மணிகளின் பேச்சைக் காட்டும் சின்னத் திரை. பிறகு மெதுவாகக் கேட்டார்.

"சூடம் எவ்வளவு கிட்டக்கக் காட்டுவீங்கம்மா?"

"மூஞ்சிக்கு நேராத்தான். பின்ன, முதுகுக்கா காட்டுவாங்க?"

யாரோ சிரித்தார்கள். பிரகலாதன் சிரிக்கவில்லை. அச்சமானியைத் திருப்பிக் காட்டினார். பங்குனியில் இந்தக் கரைக்கு வந்த ஆமை ஒன்றின் ஒரு நாள் அதில் கோடாக ஓடியது. வலையில் சிக்கிய இடத்தில் கோடு கொஞ்சம் எழுந்தது. கரைக்குத் தூக்கிய இடத்தில் இன்னும் எழுந்தது. மேளம். பிறகு நெருப்பு. அங்கே கோடு திரையைத் தாண்டி மேலே போய்விட்டது.

"அது கண்ணுல தண்ணி வரும் சார்" என்றாள் அஞ்சலாட்சி. குரல் இறங்கிவிட்டது. "நமக்காக உருகுதுன்னு நெனச்சோம். ஐயோ, பாவி நான். என் கையால எத்தன சூடம் காட்டியிருக்கேன்!"

அன்றைக்கே ஊர் முடிவெடுத்தது. இனி சூடமில்லை, மேளமில்லை, சிக்கிய இடத்திலேயே வலையை அறுத்து விட்டுவிடுவது. கும்பிட வேண்டுமானால் படகில் நின்று தூரத்திலிருந்து கும்பிட்டுக்கொள்ளலாம். நல்ல முடிவு. ஆனால் காலம் கடந்துவிட்டிருந்தது. மூன்று பருவமாக நண்டுமேடு பயக் கணக்கில் சிவப்பிலேயே கிடந்ததால், வாக்குப்பொறி உத்தரவு போட்டுவிட்டது. பயத்தின் காரணம் நண்டுமேடு. ஆகவே நண்டுமேடு விலக வேண்டும். சித்திரை பிறந்ததும் படகு எஞ்சின்கள் நிற்கும், மின்சாரம் போகும், தண்ணீர்க் குழாய் வறளும். உள்நாட்டில், கடல் வாசனைகூட எட்டாத தூரத்தில், அடுக்குமாடி வீடுகள் தயார்.

"எங்களுக்கு அங்க என்னா வேலை சார்? மாடியில வலை காய வைக்கிறதா?" என்று கத்தினாள் அஞ்சலாட்சி. "கலெக்டரப் பாக்குறேன். மந்திரியப் பாக்குறேன்."

"மனுசன் போட்ட ஆர்டர்னா நானே கிழிச்சிப் போட்டுருப்பேன்மா" என்றார் பிரகலாதன். உண்மையாகவே வருந்தினார். "இதுக்குக் காது கெடையாது. பயம் மட்டும்தான் கேக்கும்."

 அஞ்சலாட்சி விறுவிறுவென்று ஆமை முட்டைப் பொரிப்பகத்தை நோக்கி நடந்தாள். என்னவோ ஏதோ என்று பிரகலாதனும் பின்னாலேயே ஓடினார்.

பொரிப்பகத்தில் அவள் மகள் இன்பவல்லி குஞ்சுகளுக்கு மணி பொருத்திக்கொண்டிருந்தாள். அந்தக் கரையில் அவளைவிடப் பூப்போல ஊசி போடுகிறவர்கள் கிடையாது. குஞ்சு சிணுங்குவதற்குள் வேலை முடிந்துவிடும்.

"இன்பா, எனக்கு ஒண்ணு போடு."

"எது? மணியா? என்னாம்மா உளறுற?"

அஞ்சலாட்சி கண்காணிப்பாளர் பக்கம் திரும்பினாள். "சார், உங்க சட்டத்துல ஆமைன்னு போட்டுருக்கா?"

 நாளைக்குத் திமிங்கிலத்தையும் கடற்பசுவையும் சேர்க்க வேண்டி வந்தால் மறுபடி மாநாடு கூட்டுவது தலைவலி என்று, எழுதியவர்கள் பொதுவாக எழுதி வைத்திருந்தார்கள். "மணி தாங்கிய உயிர்னு இருக்கும்மா."

"நான் உயிருதானே சார்? இல்ல பொணமா?"

"அம்மா, ஒரு அதிகாரியா நான் இதுக்குச் சம்மதிக்க முடியாது" என்றார் பிரகலாதன். பிறகு இருவருக்கும் முதுகைக் காட்டித் திரும்பி நின்றுகொண்டார். "நான் கடலப் பாத்துக்கிட்டு இருக்கேன். எனக்கு எதுவும் தெரியாது."

ஊசி இறங்கியது. அஞ்சலாட்சி கரையில் போய் உட்கார்ந்து, ஊர் போய்விட்டால் என்ன ஆகும் என்று நினைத்தாள். வீடுகள் இடிந்து கிடப்பதை, படகுகள் மணலில் மட்கிப்போவதை, மாடிப்படியில் உட்கார்ந்து தான் கடலைத் தேடுவதை. பாவம், அவள் நடிக்கவே தேவையிருக்கவில்லை. அச்சமானி வீல் என்று கத்தியது.

வாக்குப்பொறி தன் வேலையைச் செய்தது. நண்டுமேட்டுக் கரையில் மணி தாங்கிய உயிர் ஒன்று நடுநடுங்குகிறது. காரணம் என்ன? காலிசெய்யும் உத்தரவு. காரணம் விலக வேண்டும். உத்தரவு விலகியது. அவ்வளவுதான்!

அதற்குமுன் டில்லி ஒரு ஆட்டம் ஆடியது. இந்தியாவின் மதிப்பெண் ஒரே மூச்சில் பாதாளத்துக்குப் போனதைக் கண்டு, அந்த மணியை உடனே பிடுங்குங்கள் என்று ஒரு பெரிய அதிகாரி பிரகலாதனிடம் கத்தினார்.

"உயிரோட இருக்குறதுகிட்டேருந்து மணிய எடுக்கிறது குற்றம் சார்" என்றார் பிரகலாதன் பணிவாக. "அந்த விதிய மாநாட்டுல கொண்டுவந்ததே நாமதான். கைதட்டல்கூட வாங்குனோம்."

உத்தரவு விலகியதும் அஞ்சலாட்சியின் பயம் பொசுக்கென்று இறங்கியது. சூடமும் மேளமும் நின்றதால் ஆமைகளும் பயம் தெளிய, இந்தியா மறுபடி முதலிடத்துக்கு ஏறியது. நண்டுமேட்டில் வெடி வெடித்தார்கள், ஆமைகளுக்குக் கேட்காத தூரத்தில், உப்பளத்துக்கு அந்தப் பக்கம் போய். அடுத்த நாள் பொரிப்பகத்து வாசலில் ஊரே வரிசையில் நின்றது. ஊசி என்றால் மயங்கி விழும் ஆள்கூட மயங்கி விழுந்து, எழுந்து, போட்டுக்கொண்டு போனார். எல்லாருக்கும் போட்ட பிறகு இன்பவல்லி தனக்கும் ஒன்று போட்டுக்கொண்டாள்.

அதற்குப் பிறகு நடந்ததை எந்த அரசும் எதிர்பார்க்கவில்லை. காற்றில் ஒதுங்கி எல்லை தாண்டிய நண்டுமேட்டுப் படகு ஒன்றை அடுத்த நாட்டு ரோந்துக் கப்பல் துப்பாக்கியோடு விரட்டியது. படகில் இருந்தவர்களின் மணிகள் அலறின. நடுக்கடலில் ரோந்துக் கப்பலின் எஞ்சின் தானாக நின்றது. கடைசியில் படகுக்காரர்கள்தான் பாவம் பார்த்து, அந்தக் கப்பலுக்குக் கயிறு கட்டி இழுத்துக்கொண்டுபோய் அதன் கரையோரம் விட்டுவிட்டு வந்தார்கள். அதைக் கேள்விப்பட்ட அந்த நாட்டு மீனவர்களும் மறுநாளே மணி போட்டுக்கொண்டார்கள். ஓமானில் முத்துக் குளிப்பவர்கள், கென்யாவில் சிப்பி பொறுக்கும் பெண்கள், மாலத்தீவில் ஹோட்டல் பையன்கள் என்று மணி கரை கரையாகப் பரவியது. சட்டத்தைத் திருத்தி "ஆமை மட்டும்" என்று போடலாம் என ஒரு மாநாடு கூடியது. ஆனால் திருத்தம் வருகிறது என்று கேள்விப்பட்டதுமே இருபது நாட்டுக் கரைகளிலும் மக்கள் பயந்தார்கள். பயத்தின் காரணமான மாநாட்டு அரங்கில் விளக்கு அணைந்து கதவு திறந்துகொண்டது. பிரதிநிதிகள் இருட்டில் தடவித் தடவி வெளியே வந்தார்கள்.

ஆமைக்குக் கொடுத்த வாக்கைக் காப்பாற்றக் கற்றுக்கொண்ட அரசுகள், வேறு வழியே இல்லாமல், தம் மக்களுக்குக் கொடுத்ததையும் காப்பாற்றத் தொடங்கின. அலையைத் தடுக்கும் தூண்டில் வளைவு வந்தது, ஆஸ்பத்திரி வந்தது, ஆஸ்பத்திரிக்குள் டாக்டரும் வந்தார்! பங்குனியில் ஆமைகள் முன்னெப்போதும் இல்லாத கூட்டமாய் நண்டுமேட்டில் ஏறின. அஞ்சலாட்சி நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு கரையில் நடந்தாள். இருபது நாடுகளைச் சொன்ன சொல்லில் நிற்க வைத்தவள் நடந்தால் அப்படித்தான் இருக்கும்.

ஒரு மத்தியானம் பிரகலாதன் அவள் வீட்டு வாசலில் வந்து நின்றார். முகம் சரியில்லை.

"அம்மா, உங்க ஊர்ல ஒரு செவப்பு."

"யாரு? எந்தக் கம்பெனிக்காரன்? எந்த ஆபீசு? சொல்லுங்க தம்பி, ஒரு கை பாத்துடுறேன்." இப்போதெல்லாம் அவர் அவளுக்குத் தம்பி.

"உங்க வீட்டுலம்மா."

அஞ்சலாட்சி சிரித்துவிட்டாள். "எங்க வூட்டுல நானும் எம் பொண்ணுந்தான். நான் யாருக்குப் பயப்படுறேன்?"

"அதான்மா" என்றார் பிரகலாதன்.

அவளுக்குப் புரியக் கொஞ்சம் நேரமாயிற்று. "ஏய் இன்பா! யாருக்குடி பயந்துகிட்டுக் கெடக்குற?" என்று உள்ளே பார்த்து அதட்டினாள். அச்சமானியில் கோடு ஜிவ்வென்று எகிறியது. வீட்டு மின்விசிறி நின்றது. வாக்குப்பொறி காரணத்தைக் கண்டுபிடித்துவிட்டது.

"இப்படிக் கேக்காதீங்கம்மா. சட்டப்படி இப்ப நீங்கதான் கரைய வுட்டு..." பிரகலாதன் இழுத்தார்.

இன்பவல்லி கதவோரம் வந்து நின்றாள். "ஓமான்ல, ஆமைத் தீவுல எனக்கு வேல கெடச்சிருக்கும்மா. பொங்கலுக்கே வந்துடிச்சி. போவணும்னு ஆசையா இருக்கு. ஊர வுட்டு ஒருத்தரும் போவக் கூடாதுன்னு நின்னவ நீ. உங்கிட்ட நான் போறேன்னு எப்புடிச் சொல்றது?"

"அதுக்கு ஏண்டி பயம்? என்னைக்காவது ஒன்ன கை நீட்டி அடிச்சிருக்கேனா?"

"அடிச்சா வாங்கிக்குவேன். நீ அழுதுடுவியோன்னுதான் பயம்."

மைக்கை வெட்கப்பட வைக்கும் அந்தக் குரல் எங்கே போயிற்றோ. அஞ்சலாட்சி தரையில் உட்கார்ந்தாள். ஊரையே விரட்ட வந்தபோது அவளுக்கு எதிர்க்க ஒரு சட்டம் கிடைத்தது. இதற்கு எந்தச் சட்டத்தைத் தேடுவது?

"போயிட்டு வா" என்றாள். "நல்லா இருப்ப. நான் ஒண்ணும் அழுவல."

அச்சமானியில் இன்பவல்லியின் புள்ளி பச்சையானது. மின்விசிறி சுற்ற ஆரம்பித்தது. அப்பாடா என்று பிரகலாதன் நெற்றியைத் துடைப்பதற்குள் மறுபடி நின்றது. இந்தமுறை சிவப்பாகியிருந்தது அஞ்சலாட்சியின் புள்ளி. காரணம் என்ற இடத்தில் இன்பவல்லி என்று வந்தது. அம்மாவின் பயத்தைக் கண்டு மகளின் புள்ளியும் மறுபடி சிவந்தது. காரணம் அஞ்சலாட்சி என்றது பொறி. இல்லை, இன்பவல்லி என்றது. மின்விசிறி சுற்றியது, நின்றது, சுற்றியது. யாரை விலக்குவது என்று தெரியாமல் வாக்குப்பொறி முதல் முறையாக முழித்தது.

"இப்புடியே போனா இந்தியா ரெண்டாவது எடத்துக்குப் போயிடும்மா" என்றார் பிரகலாதன். "ஓமான் முந்திடும்."

"முந்திட்டுப் போவட்டும்." அஞ்சலாட்சி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "எம் பொண்ணு போற நாடுதானே? இந்தப் பயத்த எந்தச் சட்டமும் வந்து எடுக்க வேணாம் தம்பி. இது எங்களோடது. அப்புடியே எழுதிக்குங்க."

"அப்படி எழுத இதுல எடமே இல்லம்மா."

"அப்ப செவப்பாவே கெடக்கட்டும்."

மின்விசிறி ஒரேயடியாக நின்றுவிட்டது. பங்குனி வெயில், வீடு அடுப்பாகக் கொதித்தது. அம்மாவும் மகளும் வேர்க்க விறுவிறுக்க ஒட்டி உட்கார்ந்து, பெட்டிக்குத் துணி மடித்தார்கள். காரணமான இருவரில் ஒருவரும் விலகவில்லை.