மூன்றாவது தட்டு

மல்லிகைப் பூக்களுக்கு நடுவே ஓர் உள்ளங்கை இருந்தது.

இனாயத் காகிதத்தை விளக்கடியில் சாய்த்துப் பிடித்தாள். பூ செதுக்கிய இரும்பு உருளையும் ரப்பர் உருளையும் ஒன்றையொன்று அழுத்த, இடையில் ஓடும் மெல்லிய டிஷ்யூ காகிதத்தில் வெள்ளை மேல் வெள்ளையாக மல்லிகை புடைத்து வரும். அது சரியாக விழுகிறதா என்று பக்கவாட்டு வெளிச்சத்தில் பார்ப்பதுதான் பதினோரு வருடமாக அவள் வேலை. உருளையில் செதுக்கிய வடிவத்தில் உள்ளங்கை கிடையாது.

வெளியே கம்சீன் காற்று பாலைவனத்தை அள்ளி வந்து தகரக் கூரையில் கொட்டிக்கொண்டிருந்தது; நண்பகலிலேயே கூடம் மங்கிப்போய், சூடான புழுதி வாசமும் ரப்பர் வாசமும் தொண்டையை அடைத்தன. அவள் அளவுகோலை வைத்தாள். உருளையில் அழுக்கு ஒட்டியிருந்தால் அதன் சுவடு சுற்றுக்கு ஒரு தடவை, ஒரே இடைவெளியில் திரும்ப வரும். இது அப்படி வரவில்லை. ஓர் உள்ளங்கை, ஒரு சாண் தள்ளி இன்னொன்று, பிறகு நெடுந்தூரம் வெறும் பூ. மறுபடி இரண்டு. எல்லாவற்றிலும் சுண்டுவிரல் வெளிப்பக்கம் வளைந்திருந்தது.

அவளுடைய அண்ணன் ஷெஹாத்தாவின் சுண்டுவிரல் அப்படித்தான் இருக்கும். போன ரமலானுக்கு முன்னால் இதே உருளையில் சிக்கிச் செத்துப்போனவன்.

இந்தக் கூடத்தில் ஒரு வழக்கம். உருளையைத் துடைக்க, அதைச் சுற்றியிருக்கும் தடுப்புக்குள் போகிறவன், துணி வெளியே வந்ததும் இரும்புச் சட்டத்தில் ஒரு தட்டு தட்டுவான். தூரிகை வந்ததும் இரண்டாவது. ஆளே வெளியே வந்ததும் மூன்றாவது. மூன்றும் கேட்காமல் யாரும் உருளையைச் சுற்றவிடும் பொத்தானைத் தொட மாட்டார்கள். அன்று பொத்தானில் நின்றவன் ரிஃபாத். மூன்றும் கேட்டது, அதற்கப்புறம்தான் ஷெஹாத்தா எதையோ எடுக்கத் திரும்ப உள்ளே போனான் என்று சத்தியம் செய்தான். காதில் பஞ்சு வைத்திருந்த இனாயத்துக்கு ஒன்றுமே கேட்கவில்லை. ஆனாலும் ‘நானும் கேட்டேன்’ என்று கையெழுத்துப் போட்டாள். ரிஃபாத் அவளைக் கட்டிக்கொள்ளப் போகிறவன். அவன் பொய் சொல்வான் என்று அவளுக்குத் தோன்றவே இல்லை. அசட்டையால் செத்தான் என்று அண்ணன் பெயர் கெட்டது. அண்ணி அவள் முகத்தில் கதவைச் சாத்தினாள்.

“ரிஃபாத், கொஞ்சம் வந்து இதப் பாரு.”

தாமியா வடையை மென்றபடி வந்தான். “என்ன மகாராணி, பூவுல புழு விழுந்துருச்சா?”

காகிதத்தைப் பார்த்ததும் மெல்லுவதை நிறுத்தினான். பிறகு இயந்திரத்தை நிறுத்தினான். “பஞ்சு ஒட்டியிருக்கும். தொடச்சாப் போச்சு. எல்லாரும் தொழப் போயிட்டாங்க, நீயே பொத்தான்ல நில்லு.”

“ரெண்டு ரெண்டாத்தான் வருது.”

எது இரண்டு என்று அவன் கேட்கவில்லை. துணியும் தூரிகையுமாகத் தடுப்புக்குள் போனான். தூரிகை உருளையில் உரசத் தொடங்கியது. பிறகு முதுகைக் காட்டியபடியே பேசினான்.

“அன்னிக்கும் ரெண்டுதான் கேட்டுச்சு. மூணாவது வந்துரும்னு நெனச்சேன். அவசரம், இனாயத்.”

“என்னையும் சேத்துக் கையெழுத்துப் போட வச்சியே.”

“போட்டது நீதானே. இப்ப அதக் கிளறி உங்கண்ணன் எந்திரிச்சு வரப்போறானா? ஈத் முடிஞ்சா நம்ம கல்யாணம். மறந்துரு.”

இவனை நம்பி, கூடப் பிறந்தவனைத் தன் கையாலேயே இரண்டாவது தடவை புதைத்திருக்கிறாள். அழுகை வரவில்லை. கூரையில் மணல் கொட்டும் சத்தம். கண்ணெதிரே வெறும் பொத்தான். தடுப்பு திறந்திருக்கும்போது, அழுத்திப் பிடித்திருக்கும் வரைதான் உருளை சுற்றும், விட்டால் நின்றுவிடும்.

இரும்புச் சட்டத்தில் ஒரு தட்டு.

இரண்டு.

மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தாள்.

மூன்று. தெளிவாக, நிதானமாக.

பதினோரு வருடப் பழக்கம். விரல் அழுத்தியது.

“இனாயத்?” குரல் தடுப்புக்குள்ளிருந்து வந்தது. “நான் இன்னும் வெளிய வரல. யாரு தட்டுனது?”

அவள் கையை எடுக்கப் பார்த்தாள். வரவில்லை. புறங்கை மேல் இன்னொரு கை, ஜில்லென்று, கனமாக. குனிந்து பார்க்க வேண்டியிருக்கவில்லை. சின்ன வயதில் சாலையைத் தாண்டும்போதெல்லாம் அப்படித்தான் பிடித்துக்கொள்வான், வளைந்த சுண்டுவிரல் அவள் மணிக்கட்டில் பதியும்படி.

“விடு, இனாயத். கைய எடு. கைய எடு...”

உருளை சுற்றியது. விளக்கடியில் காகிதம் நகர்ந்து வந்தது. மல்லிகை. மல்லிகை. உள்ளங்கை, உள்ளங்கை, உள்ளங்கை.

அதற்குப் பின்னால், வெள்ளை மேல் வெள்ளையாக, வாய் திறந்த ரிஃபாத்தின் முகம்.