செல்லியக்காவின் காது

ஈச்சனஅள்ளியில் வீட்டுக்கு இரண்டு வாளிகள் கொடுத்தார்கள். மக்கும் குப்பைக்குப் பச்சை வாளி. மக்காத குப்பைக்கு நீல வாளி. ஊராட்சி கொடுத்த வாளிகள். மூடி போட்டவை, நல்ல கெட்டி.

அந்தக் கெட்டிதான் தொல்லையாகிவிட்டது.

"இவ்ளோ நல்ல வாளியில யாராச்சும் குப்பையைப் போடுவாங்களா?" என்று கேட்டாள் காசியம்மாள். அவள் வீட்டுப் பச்சை வாளியில் மாட்டுக்குத் தவிடு ஊறிக்கொண்டிருந்தது. அடுத்த வீட்டு நீல வாளி ஒரு கல்யாணத்துக்குச் சாம்பார் வாளியாகப் போயிருந்தது.

குப்பை வாங்க வந்த தெரசா இடுப்பில் கை வைத்து நின்றாள். ஊராட்சியின் தூய்மைக் காவலர் அவள்தான். பேட்டரி வண்டி ஓட்டுவாள். பச்சைச் சட்டை போட்டிருப்பாள். சனிக்கிழமைகளில் அவள் மகள் அன்பரசியும் கூடவே வருவாள். அன்பரசி ஐந்தாம் வகுப்பு. விசில் ஊதுவது அவள் வேலை.

"வாளி எங்கீங்க?" என்றாள் தெரசா.

"அது வேலையா இருக்குதும்மா. இந்தா, மடிச்சுக் கையிலயே குடுத்துடறேன்."

காசியம்மாள் நீட்டியது பால் கவர்கள். கழுவி, தட்டையாக மடித்து, ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியிருந்தாள். ஊரில் பல வீடுகளில் இப்படித்தான் கொடுத்தார்கள்.

"பாத்தியா, எவ்ளோ சுத்தம்!" என்று மகளிடம் சொன்னாள் தெரசா. அந்தக் கவர்களைப் பால் கவர் மூட்டையில் போட்டாள்.

அன்று மதியம் மூட்டைகள் திரும்பி வந்தன.

ஊராட்சி பிரித்து அனுப்பும் பிளாஸ்டிக்கை அரைத்து, தார்ச்சாலை போடுவதற்குக் கொடுக்கும் கூடம் ஒன்று இருந்தது. அங்கே போன வேன்தான் அப்படியே திரும்பி வந்தது. ஊராட்சிச் செயலர் கோவிந்தன் குப்பை பிரிக்கும் ஷெட்டு வாசலில் நின்றிருந்தார்.

"தெரசா, இது ரெண்டாவது தடவை. கலந்திருக்குதுன்னு திருப்பிட்டாங்க."

"இல்லீங்க சார். ஒவ்வொண்ணாப் பாத்துத்தான் போட்டேன்."

"நீங்க பாத்தீங்க. அவங்களும் பாத்திருக்காங்களே! மூணாவது தடவையும் திரும்பினா இந்த வண்டியைப் பக்கத்து ஊருக்கு மாத்திடுவாங்க. நான் ஒண்ணும் பண்ண முடியாது."

வண்டி போனால் வேலையும் போய்விடும். தெரசா மறுபடியும் ஓசூர்ப் பூப்பண்ணைக்குத்தான் போக வேண்டும். அங்கே வேலை பார்த்தபோது பதினைந்து நாளுக்கு ஒருமுறைதான் வீட்டுக்கு வருவாள். அப்பா சவுரியப்பனும் லாரியோடு போய்விடுவார். அன்பரசி விடுதியில் இருந்தாள். விடுதியில் சாம்பார் நன்றாகத்தான் இருந்தது. ஆனால் அங்கே விசில் ஊத முடியாது. அம்மாவும் இல்லை.

அன்பரசி திரும்பி வந்த பால் கவர் மூட்டையைப் பிரித்துப் பார்த்தாள். எல்லாமே பால் கவர்களாகத்தான் தெரிந்தன.

"இதுல என்னம்மா கலந்திருக்குது?"

"தெரிஞ்சா நான் ஏன் இப்படி உக்காந்திருக்கேன்?" என்றாள் அம்மா.

ஊரில் பிளாஸ்டிக்கைப் பற்றித் தெரிந்தவள் ஒருத்தி இருந்தாள். அவள் பெயரை மட்டும் அம்மாவிடம் சொல்ல முடியாது.

அவள் செல்லி. பல வருஷமாக மூன்று சக்கர வண்டி தள்ளிக்கொண்டு வந்தவள். "பழைய பிளாஸ்டிக்குக்கு வெங்காயேம்!" என்று அவள் கூவினால் ஏழு தெருவுக்கும் கேட்கும். ஷெட்டு வந்ததும், வெளியாட்கள் யாரும் குப்பை வாங்கக் கூடாது என்று ஊராட்சியில் சொல்லிவிட்டார்கள். செல்லி கேட்கவில்லை. அவள் வண்டியைப் பிடித்து ஊராட்சி அலுவலகத்துக்குப் பக்கத்தில் நிறுத்திவிட்டார்கள்.

கடைசியாகத் தெரசாவும் அவளும் நடுத்தெருவில் பேசிக்கொண்டது இப்படி:

"என் தெருவையெல்லாம் புடுங்கிக்கிட்டியே தெரசா!"

"நல்லதையெல்லாம் நீ வாங்கிக்கிட்டுப் போயிட்டா எனக்கு என்னக்கா மிஞ்சும்?"

"நாறுறது மிஞ்சும். அள்ளிக்கோ!"

அதற்குப் பிறகு இருவரும் பேசவில்லை.

அன்பரசி மூட்டையிலிருந்து ஒரே ஒரு கவரை எடுத்துப் பாவாடைப் பையில் வைத்துக்கொண்டாள். ஊர்க் கோடியில் இருந்த செல்லியின் வீட்டுக்கு நடந்தாள்.

செல்லி வாசலில் உட்கார்ந்து போனில் பேசிக்கொண்டிருந்தாள். பொம்மிடியில் இருக்கும் தங்கையோடு பேச்சு. பார்வை தென்னை மரத்தின் மேல் இருந்தது. கை மட்டும் பழைய கவர்க் குவியலில் ஒவ்வொன்றாக எடுத்துக் கசக்கி, இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் போட்டுக்கொண்டிருந்தது. ஒருமுறைகூட அவள் குனிந்து பார்க்கவில்லை.

போனை வைத்ததும் அன்பரசி கேட்டாள். "பாக்காமயே எப்படிக்கா பிரிக்கிறீங்க?"

"பாத்தா எல்லாம் ஒரே மாதிரிதான் பாப்பா மினுக்குது. கசக்கினா சத்தம் வேற வேற. பால் கவர் சத்தமே போடாது. கடை கவர் சரசரங்கும். சிப்ஸ் கவர் மொறமொறங்கும்."

அன்பரசி பையிலிருந்த கவரை நீட்டினாள். செல்லி அதைக் காதருகே கொண்டுபோய் ஒரு அமுக்கு அமுக்கினாள்.

"உள்ள ஆள் இருக்குது," என்றாள்.

கவரின் வெட்டிய மூலையில் விரலை விட்டு இழுத்தாள். ஒரு பிஸ்கட் கவர் வந்தது. பிறகு இரண்டு ஷாம்பு பாக்கெட். கடைசியாகச் சிப்ஸ் கவர், நான்காக மடித்தது.

அன்பரசிக்கு எல்லாம் விளங்கிவிட்டது. நீல வாளிகள் வேறு வேலைக்குப் போய்விட்டதால், சின்னச் சின்னக் குப்பையையெல்லாம் வீட்டுக்காரர்கள் பால் கவருக்குள் திணித்து, அழகாக மடித்துக் கொடுத்திருக்கிறார்கள்!

"யக்கா, ஷெட்டுக்கு வாங்கக்கா. மூட்டை முழுக்க இப்படித்தான் இருக்கும். அடுத்த தடவை திரும்பினா எங்கம்மா ஓசூருக்குப் போயிடும்."

செல்லி அந்தக் கவர்களை அதனதன் குவியலில் போட்டாள்.

"என் வண்டியைப் புடிச்சு வெச்சிருக்கறவங்க எடத்துக்கு நானா எப்படிப் பாப்பா வருவேன்? ஷெட்டுல காலு வெச்சா, திருட வந்தான்னுவாங்க. கூப்புடுறவங்க கூப்புட்டா வரேன்."

அன்று மாலை அன்பரசி அம்மாவிடம் நடந்ததைச் சொன்னாள்.

"அவகிட்டப் போயி நின்னியா? எனக்கு வேலை தெரியலன்னு ஊருக்கெல்லாம் தெரியணுமா?"

"உள்ள என்ன இருக்குதுன்னு செல்லியக்கா எடுத்துக் காட்டுச்சும்மா."

"காட்டுவா, காட்டுவா." அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். ஆனால் சாப்பிட்ட பிறகு அவள் ஷெட்டிலிருந்து கொண்டுவந்த ஒரு பால் கவரை எடுத்து, மூலையில் விரலை விட்டுப் பார்த்தாள். மடித்த பிஸ்கட் கவர் ஒன்று வந்தது. விளக்கை அணைத்துவிட்டுப் படுத்தாள்.

அக்டோபர் இரண்டாம் தேதி கிராம சபை கூடியது. ஊராட்சி அலுவலகத்துக்கு முன்னால் ஷாமியானா போட்டிருந்தார்கள். பள்ளிப் பிள்ளைகள் வாழ்த்துப் பாட வந்திருந்தார்கள். பாடி முடித்ததும் மிட்டாய் வாங்கிக்கொண்டு போக வேண்டியதுதான். அன்பரசி மட்டும் போகவில்லை. கடைசி வரிசையில் செல்லி வந்து உட்கார்ந்திருந்தாள். அவள் பார்வை அலுவலகத்துக்குப் பக்கத்தில் நின்ற தன் வண்டியின் மேலேயே இருந்தது.

கோவிந்தன் ஒவ்வொரு பொருளாகப் படித்தார். குடிநீர்க் குழாய் முடிந்தது. தெருவிளக்கு முடிந்தது. குப்பை ஷெட்டு வந்தது.

அன்பரசி கையைத் தூக்கினாள்.

"சின்னப் பசங்கல்லாம் நடுவுல பேசக் கூடாது," என்றார் கோவிந்தன்.

ஊராட்சித் தலைவர் சசிகலா சிரித்தார். "ஓட்டுப் போடத்தான் சார் பதினெட்டு வயசு. பேசறதுக்கு அஞ்சாங் கிளாஸ் போதும். சொல்லு கண்ணு."

"மூட்டை ஏன் திரும்பி வருதுன்னு செல்லியக்காவுக்குத் தெரியுங்க."

எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். செல்லி முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டாள்.

"அந்தம்மா குப்பை பிரிக்கற பயிற்சிக்கே வரலீங்க," என்றார் கோவிந்தன். "கவர்ல இருக்கற எழுத்தைக்கூடப் படிக்கத் தெரியாது."

"படிக்க வேணாங்க. பாக்கக்கூட வேணாம்," என்றாள் அன்பரசி. "அக்கா திரும்பி நிக்கட்டும். கவரைக் கசக்கினா என்னன்னு சொல்லிடும்."

கூட்டத்துக்கு இது பிடித்துவிட்டது. "ஆவட்டும், ஆவட்டும்!" என்றது பின்வரிசை. குடிநீர்க் குழாய்க்குத் தூங்கியவர்கள்கூட விழித்துக்கொண்டார்கள்.

செல்லி எழுந்திருக்கவில்லை. அவள் யாரையோ பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் யாரைப் பார்க்கிறாள் என்று அன்பரசிக்குத் தெரிந்தது. அவளும் அம்மாவைப் பார்த்தாள்.

தெரசா பச்சைச் சட்டையின் பொத்தானைத் திருகிக்கொண்டு நின்றாள். பிறகு தொண்டையைச் செருமினாள்.

"வாக்கா," என்றாள். "நான் கூப்புடுறேன்."

செல்லி எழுந்து முன்னால் வந்தாள். எல்லோருக்கும் முதுகைக் காட்டி நின்றாள். தெரசா திரும்பி வந்த மூட்டைகளைக் கொண்டுவந்து, ஒன்றிலிருந்து முதல் கவரை எடுத்துக் கசக்கினாள்.

"கடை கவர்," என்றாள் செல்லி.

அடுத்தது.

"சிப்ஸ்."

அடுத்தது.

"பால் கவர். சுத்தம்."

அடுத்தது ஒரு பால் கவர். மடிப்புக் கலையாமல் தட்டையாக இருந்தது.

"பால் கவர்தான். ஆனா உள்ள மொறமொறங்குது. யாரோ ரொம்ப நல்லா சாப்புட்டிருக்காங்க."

தெரசா மூலையில் விரலை விட்டு இழுத்தாள். மிக்சர் கவர் ஒன்று, முறுக்குக் கவர் ஒன்று, கேக் கவர் மூன்று என்று உரக்க எண்ணினாள். கூட்டம் சிரித்தது.

"இது யார் வூட்டு கவருங்க?" என்று கேட்டார் தலைவர்.

"கேக்கு நம்ம ஊர்க் கடையில விக்கறதில்லீங்க," என்றாள் செல்லி, திரும்பாமலே. "தர்மபுரிக்குத் தினம் போயி வர்றவங்க வூடாத்தான் இருக்கணும்."

தர்மபுரிக்குத் தினம் போய் வருகிறவர் கோவிந்தன். அவர் கையிலிருந்த தாளை மூக்கு வரை உயர்த்திக்கொண்டார்.

"எங்க வூட்டு வாளியில ராகி இருக்குதுங்க," என்றார் தாளுக்குப் பின்னாலிருந்து. "வேற என்ன பண்றது?"

இந்த முறை சிரிப்பு அடங்க நேரமாயிற்று.

"சரிங்க சார்," என்றார் தலைவர். "ரெண்டு பேரும் சேந்து ஷெட்டுல வேலை பாக்க வழி இருக்குதா, இல்லையா?"

கோவிந்தன் தாளை இறக்கினார். "மகளிர் குழுவுல சேத்துக்கிட்டா, குழு மூலமா சம்பளம் குடுக்கலாங்க. சபை தீர்மானம் போடணும்."

"எனக்கு ஒரு பேச்சு இருக்குதுங்க," என்றாள் செல்லி. "என் வண்டியைக் குடுத்துடணும். பேட்டரி வண்டி போவாத சந்துல என் வண்டி போவும். பச்சைச் சட்டையும் வேணும். இல்லாட்டி மறுபடியும் புடிப்பீங்க."

"வெங்காயம்?" என்று யாரோ கவலையோடு கேட்டார்கள்.

"வெங்காயம் கெடையாது. வாளியில போட்டுக் குடுங்க."

கைகள் உயர்ந்தன. அன்பரசியும் தூக்கினாள். கோவிந்தன் அவள் கையை எண்ணவில்லை. ஆனால் அவளுக்கு இரண்டு மிட்டாய் கொடுத்தார்.

மூன்றாவது வேன் வியாழக்கிழமை கிளம்பியது. தெரசாவும் செல்லியும் மூன்று நாள் உட்கார்ந்து ஒவ்வொரு கவரையும் கசக்கிக் கட்டிய மூட்டைகள். வேன் திரும்பும் நேரத்தில் இருவரும் ஷெட்டு வாசலில் நின்றார்கள். அன்பரசி பள்ளியிலிருந்து நேராக அங்கே ஓடிவந்தாள்.

வேன் வந்தது. பின்கதவு திறந்திருந்தது. உள்ளே ஒன்றும் இல்லை.

"எல்லாத்தையும் எறக்கிட்டாங்க," என்றார் டிரைவர். "அடுத்த மூட்டை எப்பன்னு கேட்டாங்க."

தெரசா பேட்டரி வண்டியின் இருக்கையை ஒருமுறை துடைத்தாள். அது ஏற்கெனவே சுத்தமாகத்தான் இருந்தது.

"யக்கா, வூட்டுக்கு வந்து களி சாப்புட்டுப் போ," என்றாள்.

செல்லி கடையில் ஒரு முறுக்குப் பாக்கெட் வாங்கிக்கொண்டு வந்தாள். முறுக்கு அன்பரசிக்கு. அடுப்பில் தண்ணீர் கொதித்ததும், "மாவு எங்க இருக்குது? நான் எடுத்துத் தரேன்," என்று எழுந்தாள்.

"வேணாம்! நீ உக்காருக்கா!" என்று அவசரமாகத் தடுத்தாள் தெரசா.

ஆனால் செல்லி அதற்குள் சமையல் மேடைக்குக் கீழே குனிந்துவிட்டாள். அங்கே நீல வாளி இருந்தது. மூடியைத் திறந்தாள். வாய் வரைக்கும் கேழ்வரகு மாவு.

"ஏன் தெரசா," என்றாள் செல்லி மெதுவாக. "ஊருக்கெல்லாம் விசில் ஊதறியே!"

"நல்ல கெட்டி வாளிக்கா..." என்றாள் தெரசா.

முதலில் சிரித்தது யார் என்று அன்பரசிக்குத் தெரியவில்லை. அவள் பரண்மேல் இருந்த பெரிய டப்பாவைத் தேடி எடுத்து வந்தாள். மாவு டப்பாவுக்குப் போனது. நீல வாளியைத் துடைத்து வாசலில் வைத்தாள்.

பிறகு கடைசி முறுக்கை வாயில் போட்டுக்கொண்டு கவரை வாளிக்குள் போட்டாள். அது மொறமொறவென்று சத்தம் போட்டுக்கொண்டே உள்ளே விழுந்தது.

"சிப்ஸ் கவரா?" என்று கேட்டாள் அம்மா அடுப்படியிலிருந்து.

"முறுக்கு!" என்றார்கள் செல்லியக்காவும் அன்பரசியும் ஒரே குரலில்.