பனி விழாத இடம்

கதவைத் திறந்ததும் நாய் பெலோ புலெங்கின் கால்களுக்கு இடையே நுழைந்து வெளியே ஓடியது. முற்றம் முழுக்க உறைபனி. கல்சுவரின் தலை, கவிழ்த்து வைத்த வாளி, கொடியில் மறந்துவிட்ட துண்டு, இலையில்லாத பீச் மரத்தின் ஒவ்வொரு குச்சி என எல்லாவற்றின் மேலும் உப்பைச் சலித்துக் கொட்டியதுபோல் வெள்ளை படிந்திருந்தது. காய்கறிப் பாத்தியின் தெற்கு ஓரத்தில் மட்டும் ஓர் இடம் கறுப்பாக இருந்தது.

புலெங் கம்பளியின் ஊக்கை இறுக்கிக்கொண்டு அருகே போனாள். இடுப்பளவுக்குக் கல் அடுக்கி, மண் நிரப்பி, அவள் கணவன் மொஹாவ் வட்டமாகக் கட்டிய பாத்தி அது. நடுவில் வைக்கோல் சுற்றிய கூடை. அடுப்புச் சாம்பலும் காய்த்தோலும் பாத்திரம் கழுவிய தண்ணீரும் அதில்தான் போகும். அவள் கையை விரித்து அளந்தாள். நீளம் இரண்டு சாணும் மூன்று விரலும். அகலம் ஒரு சாண். சுற்றிலும் மண் இரும்பாக இறுகிக் கிடக்க, அங்கே மட்டும் விரலை அழுத்தினால் உள்ளே போயிற்று. மண் வெதுவெதுப்பாக இருந்தது. விரலை முகர்ந்தாள். மண்வாசனைதான். அதற்குள் இன்னொன்று, புளிப்பும் இனிப்புமாக, தெரிந்த வாசனை, ஆனால் எதனுடையது என்று உடனே சொல்ல முடியவில்லை.

காரணம் இருக்கும் என்று நினைத்தாள். எதற்கும் காரணங்களை வரிசையாக யோசிப்பது அவள் வழக்கம். யோசித்து முடித்தபின், யோசித்ததெல்லாம் சரிதானா என்று சந்தேகப்படுவதும் வழக்கம்.

"என்ன மாலினேயோ, விடிஞ்சதும் விடியாததுமா மண்ணை மோந்துகிட்டு நிக்கிறே? அடுப்புல களி தீயுதா, இல்ல இனிமேதான் பத்த வெக்கணுமா?"

சுவருக்கு அப்பால் மாசெல்லோ, தலையில் வறட்டிக் கூடையோடு. அவள் மகன் பெயர் செல்லோ. அதனால் அவள் மாசெல்லோ, செல்லோவின் அம்மா. புலெங் என்பதும் பிறந்த வீட்டோடு போன பெயர். கல்யாணத்தன்றே கணவன் வீட்டார் அவளை மாலினேயோ ஆக்கிவிட்டார்கள், லினேயோவின் அம்மா. பிறக்கப்போகும் பிள்ளைக்கு அன்றே பெயர் முடிவாகிவிடும், அந்தப் பெயராலேயே ஊர் தாயைக் கூப்பிடும். மூன்று வருஷமாக எல்லோரும் அப்படித்தான் கூப்பிட்டார்கள். ஜூன் மாதத்துக்குப் பிறகும் அப்படித்தான் கூப்பிடுகிறார்கள்.

"இங்க மட்டும் பனி விழலை, அக்கா."

"கூடை மக்குது. மக்குற சூட்டுல பனி நிக்காது. இதுக்குப் போயி மூஞ்சியை இப்படி வெச்சிருக்கே."

"கூடை நடுவுல இருக்கு. இது ஓரத்துல."

மாசெல்லோ அந்த ஓரத்தைப் பார்த்தாள். உடனே பார்வையை எடுத்துவிட்டாள். "ஓரத்துக்கும் சூடு போவும். அதை விடு, உன் நாயைப் பாத்தியா? மடி தொங்குது. எந்தக் களவாணிப் பய சுவர் ஏறிக் குதிச்சான்?"

"யாரும் வரலை. அது பருவத்துக்கு வந்த ஏப்ரல் பூரா நான்தான் கட்டிப் போட்டு வெச்சிருந்தேனே."

"அப்போ குட்டி இல்லாமலே சுரந்திருக்கு. எங்க வீட்டு நாய்க்கும் ஒருக்கா அப்படித்தான் ஆச்சு, என் புருஷனோட பூட்ஸைக் கட்டிக்கிட்டுப் படுத்துக் கெடந்துச்சு. அந்த ஆள் ஒரு வாரம் ஒத்தக் கால் பூட்ஸோட மாடு மேய்ச்சாரு." அவள் சிரித்தாள். "பயப்படாதே. குடிக்க ஆளில்லேன்னா தானா வத்திடும்."

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவளுக்குத் தெரிந்தது. கூடையைச் சரிசெய்துகொண்டு போய்விட்டாள். ஜூனில் புலெங்கின் மார்பைத் துணியால் இறுக்கிக் கட்டி, ஒன்பது நாளில் வற்ற வைத்தவள் மாசெல்லோதான்.

அந்த மலைநாட்டில் ஜூன்தான் நடுக்குளிர்காலம்; அந்தப் பனியில் கணவாய்ப் பாதை மூடிக் கிடந்தது. எல்லைக்கு அப்பால் சுரங்கத்தில் இருந்த மொஹாவுக்குச் செய்தி போகவே இரண்டு நாள் ஆயிற்று. பிரசவம் பார்க்க மாசெல்லோவைத் தவிர யாரும் வர முடியவில்லை. பிள்ளை அழவில்லை என்று அவள் சொன்னாள். அழுதுவிட்டு இறந்த பிள்ளைக்குப் பெயர் உண்டு. இடுகாட்டில் அப்பன்வழி ஆட்களோடு இடம் உண்டு. கூடி நின்று பாட ஊர் உண்டு. அழாத பிள்ளையைப் பெண்களே மண்பானையில் வைத்து, வீட்டை ஒட்டி, வெயில் படாத மண்ணில் புதைத்துவிடுவார்கள். ஆண்களிடம் இடத்தைச் சொல்வதில்லை. பெயர் செலவாகாமல் அடுத்த பிள்ளைக்குக் காத்திருக்கும். அன்று வீட்டின் பின்புற மண்ணில் கடப்பாரை பட்டுத் துள்ளியது. இளகிய மண் இருந்தது பாத்தியில் மட்டும்தான்.

புலெங்கோ ஒரு சத்தம் கேட்டிருந்தாள். மயக்கத்துக்குள் இறங்கும்போது, ஒரே ஒரு தரம், மெலிதாக. கேட்டாளா? காற்றாக இருக்கலாம். கதவுக் கீலாக இருக்கலாம். இரண்டு மாதமாக அந்தக் கதவை வேகமாகவும் மெதுவாகவும் திறந்து மூடிப் பார்த்துவிட்டாள். கீல் அப்படிச் சத்தம் போடவில்லை. ஆனாலும் குளிர் நாளில் வேறு மாதிரிப் போட்டிருக்கலாம். யாரிடமும் கேட்கவில்லை.

மறுநாள் காலை கறுப்பு இடத்தின் நான்கு ஓரத்திலும் நான்கு கூழாங்கற்களை வைத்தாள். ஐந்தாம் நாள் கற்கள் கறுப்புக்குள் இருந்தன. இடம் ஒரு விரற்கடை நீண்டிருந்தது. கற்களைத் தள்ளி வைத்தாள். அடுத்த வாரம் இன்னொரு விரற்கடை.

சாயங்காலங்களில் பெலோவைக் கவனிக்கத் தொடங்கினாள். ஆடுகள் மணியாட்டிக்கொண்டு மலையிலிருந்து இறங்கும் நேரம், ஒவ்வொரு வீட்டுக் கூரையிலிருந்தும் வறட்டிப் புகை எழுந்து பள்ளத்தாக்கில் பாயாக விரியும் நேரம், நாய் பாத்தியின் மேல் ஏறி, அந்த இடத்தை ஒருமுறை சுற்றி, பக்கவாட்டில் படுத்துப் பின்காலைத் தூக்கிக் கொடுக்கும். கண் பாதி மூடிக்கொள்ளும். அப்புறம் அதன் வயிறு அசையும், மூச்சினால் அல்ல, யாரோ சின்னச் சின்னதாகப் பிடித்து இழுப்பதுபோல. உள்ளே வந்ததும் புலெங் அதைப் புரட்டி விளக்கு வெளிச்சத்தில் பார்த்தாள். மற்றக் காம்புகளெல்லாம் புழுதி படிந்து வற்றியிருந்தன. ஒன்று மட்டும் சிவந்து, நீண்டு, ஈரமாக இருந்தது. அதைச் சுற்றிய மயிர் நனைந்து படிந்திருந்தது.

முகர்ந்தாள். அந்தப் புளிப்பு. அந்த இனிப்பு. பால்.

மறுநாள் நாயை வெளியே விடவில்லை. பாத்தியின் ஓரத்தைச் சோளச் சாக்கால் மூடி, நான்கு பக்கமும் கல் வைத்தாள். நாய் இருட்டும்வரை கதவைப் பிறாண்டி முனகியது. காலையில் முற்றமெல்லாம் வெள்ளை, சாக்கின் ஓரமெல்லாம் வெள்ளை. சாக்கின் நடு மட்டும் ஈரமாக, கறுத்து, மெல்ல உயர்ந்தது. தாழ்ந்தது. உயர்ந்தது.

காற்று என்று நினைத்தாள். புகையைப் பார்த்தாள். மாசெல்லோ வீட்டுப் புகை நூல் பிடித்ததுபோல் நேராக மேலே போய்க்கொண்டிருந்தது.

சாக்கை எடுத்துவிட்டாள். அன்று முதல் பெலோவைத் தடுக்கவில்லை. நாய்க்குப் போட்ட களியில் கொஞ்சம் மோரும் கலந்து வைத்தாள். ஏன் அப்படிச் செய்கிறோம் என்று யோசிக்க அவளுக்குப் பயமாக இருந்தது. யோசிக்காமலே செய்தாள்.

ஆகஸ்டின் மூன்றாம் வாரம் பீச் மரத்தில் மொட்டு சிவந்தது. மொஹாவ் போனில் கூப்பிட்டான்.

"சனிக்கிழமை மத்தியான பஸ்ஸுல வந்துடுவேன். பீச் பூத்திருச்சா?"

"ரெண்டு மூணு."

"அப்போ குளிர் போயிருச்சுன்னு அர்த்தம். வந்ததும் முதல் வேலை பாத்திதான். அடிவரைக்கும் கிளறி, பழைய மண்ணை அள்ளிப் போட்டுட்டுப் புது எரு போடணும். முட்டைக்கோஸ், பீட்ரூட். நாய் படுத்து நாசம் பண்ணுதாமே?"

"யாரு சொன்னா?"

"ஊரே சொல்லுது. நீதான் ஒண்ணும் சொல்ல மாட்டேங்குறே."

"இந்த வருஷம் பாத்தி வேணாமே."

சுரங்க விடுதியில் யாரோ சிரிக்கும் சத்தம் கேட்டது. "மாலினேயோ," என்றான், குரல் இறங்கி, "அடுத்தது நல்லபடியா வரும். பேரு அப்படியேதானே இருக்கு."

அவன் வைத்த பிறகும் அவள் போனைக் காதிலேயே வைத்திருந்தாள். அடிவரைக்கும் கிளறினால் மண்வெட்டி பானையில்தான் படும். அதற்குமுன் ஒன்று தெரிந்தாக வேண்டும்.

வியாழக்கிழமை மாலை. மரம் முழுக்கப் பூத்துவிட்டிருந்தது, பாறைகளுக்கு நடுவே அந்த இளஞ்சிவப்பு கண்ணை உறுத்தியது. மாசெல்லோ தன் வாசலில் கீரை அரிந்துகொண்டிருந்தாள்.

"வா வா, புருஷன் வரப்போற மூஞ்சியா இது? போயி எண்ணெயாவது தடவிக்கிட்டு வா."

"அக்கா, அழுதாளா?"

"யாரு?"

"என் பொண்ணு, அக்கா."

கத்தி நின்றது. மாசெல்லோ கீரையைப் பார்த்துக்கொண்டே பேசினாள்.

"ஒரே ஒரு தரம். பூனைக்குட்டி மாதிரி. நீ ரத்தத்துல மெதந்துகிட்டுக் கெடந்தே, பொண்ணே. எனக்கு இருந்தது ரெண்டு கை. துணியில சுத்திக் கதவோரமா வெச்சுட்டு உன்கிட்ட வந்தேன். ரத்தத்தை நிறுத்திட்டுத் திரும்பிப் பாத்தப்போ சத்தமே இல்ல."

"மூச்சு?"

"தொட்டுப் பாத்தேன். ஜில்லுன்னு இருந்துச்சு."

அவள் நிமிர்ந்தாள். எப்போதும் சிரிக்கும் அந்த முகத்தை அப்படிப் புலெங் பார்த்ததில்லை.

"அன்னைக்கு எல்லாமே ஜில்லுன்னுதான் இருந்துச்சு, மாலினேயோ. சுவரு, பாத்திரம், என் கையி. எல்லாமே."

பிறகு மாசெல்லோ மூக்கைச் சிந்திக்கொண்டு சொன்னாள்: "அவன் வரட்டும். நானே சொல்றேன். ஊர் முன்னாடியும் சொல்றேன், என்னைக் காறித் துப்பினாலும் சரி. எடுத்து இடுகாட்டுல வெப்போம். பேரு சொல்லி வெப்போம்."

புலெங் வீட்டுக்கு நடந்தாள். அழவில்லை. காற்று இல்லை, கீல் இல்லை, தன் காது தப்பாகக் கேட்கவில்லை என்பது மட்டும் நெஞ்சில் கல்லாக இருந்தது. பெலோ பாத்தியின் மேல் படுத்திருந்தது. அவள் பக்கத்தில் முழந்தாளிட்டு, வெதுவெதுப்பான மண்ணின் மேல் உள்ளங்கையை விரித்து வைத்தாள். கல்யாணத்தன்று முதல் பிறர் வாயில் மட்டுமே கேட்ட பெயரை முதல்முறையாகத் தானே சொன்னாள்.

"லினேயோ. அம்மாதாண்டி. கேட்டுச்சு எனக்கு. அன்னைக்கே கேட்டுச்சு. வா, அம்மாகிட்ட வா."

கைக்குக் கீழே மண் அசைவற்று இருந்தது. கொஞ்சம் கொஞ்சமாக அதன் சூடு இறங்கியது. நாய் எழுந்து, உடலை உதறிக்கொண்டு, அவளுக்கு முன்னால் வீட்டுக்குள் போய்விட்டது.

வெள்ளிக்கிழமை விடியலில் குளிர்தான் அவளை எழுப்பியது. அப்படியொரு குளிர் ஜூனுக்குப் பிறகு இல்லை. ஜன்னல் சாம்பல் நிறமாக வெளுத்துக்கொண்டிருந்தது. அடுப்பில் வறட்டிச் சாம்பலின் வாசனை. அதோடு அந்தப் புளிப்பு.

பெலோ விழித்திருந்தது. வெளியே போகக் கேட்கவில்லை. கதவின் அடியில் காற்று வராமல் அவள் அடைத்திருந்த துணி, உள்பக்கமாகத் தள்ளப்பட்டுக் கிடந்தது.

நாயை மெல்லப் புரட்டினாள். எல்லாக் காம்புகளும் வற்றிப்போயிருந்தன. ஒன்றுகூட ஈரமில்லை.

கதவைத் திறந்தாள்.

வெள்ளை. சுவர், வாளி, கொடி. பீச் பூக்கள் ஒன்று விடாமல் கருகித் தொங்கின. பாத்தியும் வெள்ளை. தெற்கு ஓரமும். நான்கு கூழாங்கற்களின் மேலும் பனி.

பாத்தியின் கல்லிலிருந்து ஒரு கறுப்புத் தடம் இறங்கியிருந்தது. ஒரு சாண் அகலம். நடக்கத் தெரியாத ஒன்று வயிற்றால் இழைந்து வந்ததுபோல். அதன் இரு பக்கமும் சின்னச் சின்னப் பள்ளங்கள். ஐந்தைந்தாக.

தடம் முற்றத்தைக் கடந்திருந்தது. வாசற்படி ஏறியிருந்தது. அவள் கால் விரல்களுக்கு முன்னால் முடிந்திருந்தது.

திரும்பும் தடம் இல்லை.

பின்னால் நாயின் வால் தரையில் தட்டியது. தட். தட். மெதுவாக, சந்தோஷமாக.

புலெங் திரும்பினாள். பெலோ கதவோரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது, மாசெல்லோ அன்று துணியில் சுற்றி வைத்த இடத்தை. பிறகு அதன் தலை அசைந்தது. தரையோடு தரையாக எதையோ கண்ணால் தொடர்ந்தது. கதவோரம். அடுப்பு. பாய். அவள் பாதம்.

மார்பு நனைந்தது. சட்டையில் இரண்டு வட்டம், சூடாக, விரிந்தன.

சுவரில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்தாள். கம்பளியின் ஊக்கு மூன்றாம் முறைதான் கழன்றது.

மடியில் ஏதோ கனத்தது.

"லினேயோ," என்றாள்.

நாய் வாலை நிறுத்திவிட்டு, முன்கால்களின் மேல் மோவாயை வைத்து, நிம்மதியாகக் கண்ணை மூடிக்கொண்டது.

மார்பில் வாய் பட்டது. ஜில்லென்று இருந்தது.